தும்போடு போன மணல்

வெளிநாட்டுக்குக் கொஞ்சமா சரக்கு அனுப்ப விலை கேட்டா, சில ரூட்டுக்குக் கப்பல் கூலி பூஜ்யம்னு கொட்டேஷன் வரும். சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். முதல்ல பார்க்கும்போது எனக்கு இது ஏதோ பக் மாதிரிதான் தெரிஞ்சது. ஆனா இந்தத் தொழில்ல இது சாதாரணம். செலவு கடல்ல இல்ல, கடலுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குற வாசல்கள்ல இருக்கு. அந்த வாசல்களோட பழைய கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கதை நடக்குறது எங்க மாவட்டத்துல: ஆரல்வாய்மொழி, குளச்சல், மணவாளக்குறிச்சி.

(குளச்சல் நாஞ்சில் நாட்டுக்குள்ள வராது, கல்குளம் தாலுகான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. எனக்கும் தெரியும். நாஞ்சில் நாட்டுச் சரக்கு கடல் பார்த்த இடம்ங்கிற கணக்குல சேர்த்துக்கிறேன்.)

முதல்ல இன்றைய நடைமுறை. ஒரு 20 அடி கன்டெய்னருக்குள்ள சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கு. உங்ககிட்ட இருக்கிறதோ 3 கன மீட்டர் தென்னை நார் மிதியடி. முழுப் பெட்டி எடுக்க முடியாது. அதனால கன்சாலிடேட்டர் ஒருத்தர் உங்களை மாதிரிப் பத்துப் பேர் சரக்கை ஒரே பெட்டியில சேர்ப்பார். இதுக்குப் பேர் எல்சிஎல். எங்க பக்கத்துச் சரக்கு வழக்கமா தூத்துக்குடியில இருக்குற சிஎஃப்எஸ் கிடங்குக்குப் போய், அங்க பெட்டிக்குள்ள ஏறி, பெரும்பாலும் கொழும்பு வழியாப் பெரிய கப்பலைப் பிடிக்கும்.

கூலி எப்படிப் போடுவாங்க? ஒரு கன மீட்டர், இல்லாட்டி ஒரு டன், இதுல எது அதிகமோ அது. நார்ச் சரக்கு எடை குறைவு, இடம் அதிகம். உதாரணத்துக்கு உங்க மிதியடி 600 கிலோதான்னு வையுங்க. எடை ஒரு டன் கூட இல்ல, ஆனா மூணு யூனிட்டுக்குக் காசு கட்டணும். காத்துக்கும் கூலி. அதுக்கு மேல ஆவணத்துக்கு ஒரு மினிமம், கஸ்டம்ஸ் ஷிப்பிங் பில் போடுற ஏஜென்டுக்கு ஒரு தொகை, அந்தப் பக்கத் துறைமுகத்துல பெட்டியைப் பிரிச்சு இறக்க ஒரு தொகை, டெலிவரி ஆர்டருக்கு ஒரு தொகை. இதுல பலதும் 3 கன மீட்டருக்கும் 15 கன மீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கப்பல் கூலியை பூஜ்யமாக் காட்டுறவர், அந்தப் பக்கத்து பில்லுலதான் அதை வசூல் பண்ணுவார். அதனால விலை கேட்கும்போதே இரண்டு பக்கத்துச் செலவையும் எழுத்துல வாங்கணும். சரக்கு 13, 15 கன மீட்டரைத் தாண்டிட்டா, பாதி காலியா இருந்தாலும் முழுப் பெட்டியே மலிவாகிடலாம், கணக்குப் போட்டுப் பாருங்க.

பணத்தை விடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. பத்துப் பேர் சரக்குல ஒருத்தர் எச்எஸ் கோடைத் தப்பாப் போட்டாலோ, பேக்கிங் லிஸ்ட்ல இருக்குற எடையும் தராசு காட்டுற எடையும் ஒத்துப்போகாட்டியோ, மரப் பலகையில பூச்சி நீக்கம் செஞ்ச முத்திரை இல்லாட்டியோ, மொத்தப் பெட்டியும் நின்னுடலாம். நம்ம வேலையில யாரோ ஒருத்தர் கமிட்டால பில்டு உடைஞ்சு எல்லாரோட ரிலீஸும் தள்ளிப்போகுமே, அதே கதை. வித்தியாசம் என்னன்னா, இங்க ரோல்பேக் கிடையாது. நின்ன நாளுக்கெல்லாம் வாடகை ஏறும்.

இப்ப சரித்திரத்துக்கு வருவோம். சிறுசிறு சரக்கை யார் ஒண்ணு சேர்க்குறாங்க, எந்த வாசல்ல யார் அதுக்குப் பேர் வைக்கிறாங்க. இந்த ரெண்டு கேள்வியும் கன்டெய்னரை விட ரொம்பப் பழசு.

குளச்சல்னா எல்லாருக்கும் 1741 ஆகஸ்ட் 10 ஞாபகம் வரும். மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களைத் தோற்கடிச்ச நாள், டி லனாய் பிடிபட்ட கதை. ஸ்கூல்ல யுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தாங்க, மிளகை ஓரமா ஒரு வரியில விட்டுட்டாங்க. ஆனா டச்சுக் கம்பெனி இங்க நின்னதே மிளகுக்காகத்தான். மலையோரத்துல ஒவ்வொரு குடியானவன்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா விளையுற சரக்கு அது. அதை ஒண்ணு சேர்த்துக் கப்பல்ல ஏத்துறவன் கையிலதான் விலை. ஜெயிச்சதும் மார்த்தாண்ட வர்மா செஞ்ச முக்கியமான வேலை, மிளகை அரசாங்க ஏகபோகமாக்கினது. விளைஞ்சதை அரசுப் பண்டகசாலையில, அரசு சொல்ற விலைக்குக் கொடுக்கணும். வேற ஆளுக்கு வித்தா அது கள்ளக்கடத்தல். அதாவது கன்சாலிடேட்டர், கஸ்டம்ஸ், ஒரே வாங்குபவர் மூணும் ஒரே ஆள். விளைவிச்சவனுக்கு இரண்டாவது கொட்டேஷன் கேட்க இடமே இல்ல. ராஜ்யத்துக்குப் படையும் கோட்டையும் கட்ட இந்தப் பணம் உதவிச்சுங்கிறது உண்மை. அதை யார் கொடுத்தாங்கங்கிறதும் உண்மை.

இந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. திவான் டி. மாதவராவ் காலத்துல, 1860-ல மிளகு ஏகபோகத்தை எடுத்துட்டு, அதுக்குப் பதில் ஏற்றுமதித் தீர்வை போட்டாங்க. தீர்வைன்னா சுமைதான், ஆனா கண்ணுக்குத் தெரியுற சுமை. எவ்வளவு பிடிக்கிறாங்கன்னு இப்ப வியாபாரி எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஆரல்வாய்மொழி. இன்னைக்கு நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போகும்போது காத்தாடிக் கம்பங்களைப் பார்த்து வீடியோ எடுப்போம் இல்லையா, அந்தக் கணவாய். அன்னைக்கு அது சர்வதேச எல்லை மாதிரி. மேற்கே திருவிதாங்கூர், கிழக்கே கம்பெனி ஆட்சியில இருந்த திருநெல்வேலிச் சீமை. நடுவுல சவுக்கை, அதாவது சுங்கச் சாவடி. மதராஸ் மாகாணத்துக்குள்ள இருந்த உள்நாட்டுச் சுங்கத்தை 1844-லயே எடுத்துட்டாங்க. ஆனா சமஸ்தான எல்லை தாண்டினா நீங்க அந்நியர். திருவிதாங்கூர்ச் சரக்கு பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகத்துக்குப் போனா அந்நிய நாட்டுச் சரக்குக் கணக்கு. அங்கிருந்து இங்க வந்தா திருவிதாங்கூர் தீர்வை.

வண்டி நிறைய ஏத்திட்டு வர்ற பெரிய வியாபாரிக்குச் சவுக்கைல நிக்கிறது ஒரு செலவு, அவ்வளவுதான். தலைச்சுமையா வர்றவனுக்கு? மூட்டையைப் பிரிக்கிறது, பார்க்குறது, திரும்பக் கட்டுறது எல்லாம் அதே அளவு நேரம். ஆனா சரக்கு பத்துல ஒரு பங்கு. எல்சிஎல் மினிமம் சார்ஜுக்கு இதுதான் பாட்டன்.

1865-ல பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூணும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. இடையில சுங்கம் கிடையாது. வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் பிரிட்டிஷ் இந்திய விகிதத்துல எல்லாரும் ஒரே தீர்வை. ஜிஎஸ்டி பத்திப் பேசும்போது நாம ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுறோம், ‘ஒரே சந்தை’ங்கிற யோசனை ஆரல்வாய்மொழிக்கு 1865-லயே வந்தாச்சு. ஆனா இலவசமா வரல. புகையிலை, உப்பு, அபின், சாராயம் இதெல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே. அதோட, திருவிதாங்கூர் தன் உப்பு விலையை பிரிட்டிஷ் இந்திய விலைக்குச் சமமாக்கணும்னு ஒத்துக்கிச்சு. வியாபாரிக்கு வாசல் திறந்தது, கஞ்சிக்கு உப்புப் போடுறவங்க அதுக்கு ஒரு பங்கு கட்டினாங்க. சரித்திரப் புத்தகங்கள்ல மாதவராவோட சீர்திருத்தம்னு இதைப் புகழும்போது அந்த உப்பு எனக்கு உறுத்தும்.

இனி தும்பு. தேங்காய்த் தொண்டை, எங்க ஊர்ல கதம்பல்னு சொல்லுவோம், காயல் தண்ணில மாசக்கணக்கா ஊறப்போட்டு, அடிச்சு நாரெடுத்து, கயிறா முறுக்கறது. 1859-ல ஜேம்ஸ் டாராக் ஆலப்புழையில கயிற்றுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச பிறகு ஐரோப்பாவுல திருவிதாங்கூர் கயிறு, பாய், மிதியடிக்கு நல்ல சந்தை. குளச்சல்ல கப்பல் கரைக்கு வராது. ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கடற்கரை ஆட்கள் படகுல சரக்கைக் கொண்டு போய் ஏத்தணும். இதுவும் ஒரு வாசல், இதுக்கும் ஒரு கூலி.

இந்தக் கயிறு உருவாகுற இடமே கடற்கரையும் காயல்கரையும். ஈர நார்ல மணல் ஒட்டும். கட்டுக்குள்ள அது எடையா ஏறும். வாங்குறவனுக்கு அது குப்பை, விக்கிறவனுக்கு யாரும் கேட்காத எடை. எந்தப் பில்லுலயும் ‘மணல்’னு ஒரு வரி இருந்திருக்காது.

1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து வந்த கயிற்றுல ஒட்டியிருந்த அந்த மணலைப் பரிசோதிச்சார். உள்ள மஞ்சளாப் பளபளத்தது மோனசைட். மோனசைட்டுக்குள்ள தோரியம். அந்தக் காலத்துல தோரியத்துக்கு ஒரே பெரிய வேலை கேஸ் விளக்கு மேன்டில். ‘வைதேகி காத்திருந்தாள்’ல கவுண்டமணிகிட்ட விளக்கம் கேட்டுட்டே செந்தில் உடைப்பாரே, அந்த வலைதான். ஐரோப்பியத் தெருக்களே இந்த வெளிச்சத்துல ஓடின காலம் அது. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அதுவரைக்கும் மோனசைட் முக்கியமா பிரேசில்ல இருந்து வந்துட்டிருந்தது. திருவிதாங்கூர் மணல்ல இருந்த மோனசைட்டுல தோரியம் அதைவிட அதிகம்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. வருஷக்கணக்கா இந்த மணல் கப்பல் ஏறியிருக்கு, கூலியும் கட்டியாச்சு, சுங்கமும் தாண்டியாச்சு, எல்லாமே கயிறுங்கிற பேர்ல. மணலுக்குத் தனியாப் பேர் கிடைச்சது மறுகரையில, ஒரு ஆய்வுக்கூடத்துல. பேர் வச்ச கைக்குத்தான் லாபமும் போச்சு. கொஞ்ச வருஷத்துக்குள்ள மணவாளக்குறிச்சியில மணல் பிரிக்கிற ஆலை வந்தது. 1914-ல உலகப் போர் தொடங்கினதும் ஜெர்மன் கை விலகி பிரிட்டிஷ் கை வந்தது. அதே மணல்ல இருக்குற இல்மனைட்டை ஆரம்பத்துல கழிவா ஒதுக்கிக் குவிச்சாங்க. 1920-களில் வெள்ளை பெயின்ட்டுக்கு டைட்டானியம் தேவைப்பட்டதும், அந்தக் கழிவுக் குவியலும் ஏற்றுமதிச் சரக்கு ஆயிடுச்சு. மறுபடி அதே கதை: மணல் மாறல, பில்லுல பேர் மாறிச்சு.

அணுகுண்டுக்கு அப்புறம் தோரியத்துக்கு இன்னொரு அர்த்தம் வந்தது. 1946-ல திருவிதாங்கூர் மோனசைட் ஏற்றுமதியைத் தடை பண்ணிச்சு. சுதந்திர இந்தியாவுல 1950-ல ஐஆர்இஎல் நிறுவனம் வந்தது. 1960-களில் மணவாளக்குறிச்சி ஆலையும் அதுகிட்ட சேர்ந்தது. இடையில 1956 நவம்பர் 1-ல மாவட்டமே தமிழ்நாட்டோட இணைஞ்சாச்சு. தனியார் கடற்கரை மணல் எடுப்பைத் தமிழக அரசு 2013-ல நிறுத்திச்சு. 2018-ல இருந்து இந்தக் கனிமங்களோட ஏற்றுமதி ஐஆர்இஎல் வழியாத்தான்னு மத்திய அரசு விதி போட்டது. ஒரு காலத்துல கயிற்றோட கேள்வியில்லாமப் போன பொருள், இன்னைக்கு லைசென்ஸ் இல்லாம ஒரு பை கூட தாண்டக்கூடாத பொருள். கன்டெய்னர்ல என்ன ஏத்துறோம்னு துல்லியமா எழுதச் சொல்றது வெறும் குமாஸ்தாத்தனம்னு நினைக்கிறவங்களுக்கு நான் இந்த மணலைத்தான் காட்டுவேன்.

அப்போ குளச்சல் என்ன ஆச்சு? 1956-ல மால்கம் மக்லீன் அமெரிக்காவுல 58 பெட்டிகளை ஏத்தி ஒரு கப்பலை அனுப்பினதுக்கு அப்புறம், நங்கூரம் போட்டுப் படகுல ஏத்துற துறைகளுக்குக் காலம் முடிஞ்சது. பெட்டிக்கு கிரேன் வேணும், ஆழம் வேணும், பெரிய முற்றம் வேணும். 1974-ல தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆனது. எங்க சரக்கு மறுபடி ஆரல்வாய்மொழி தாண்டிக் கிழக்கே போக ஆரம்பிச்சது. சவுக்கை இல்ல, ஆனா லாரி வாடகை இருக்கு.

2016-ல இனயத்துல பெரிய துறைமுகம்னு மத்திய அமைச்சரவை கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்தது. மீனவ ஊர்கள் எதிர்த்தாங்க. இடத்தைக் கன்னியாகுமரி பக்கம் கோவளம், கீழமணக்குடிக்கு மாத்திப் பார்த்தாங்க, அங்கயும் எதிர்ப்பு. வியாபார வசதிக்காக அந்த எதிர்ப்பைக் கிண்டல் பண்றவங்களை நான் பார்த்திருக்கேன். கடல்ல இறங்குற வழியையே இழக்கப்போறவங்ககிட்ட என் லாரி வாடகை மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்குள்ள எல்லை தாண்டி விழிஞ்சம் 2025 மே 2-ல முறையாத் திறந்தாச்சு. அது முக்கியமா ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்குப் பெட்டி மாத்துற துறைமுகம். உள்ளூர்க்காரரோட 3 கன மீட்டருக்கு அங்க ஒரு சிஎஃப்எஸ் கிடங்கும், தவறாமக் கிளம்புற பகிர்வுப் பெட்டியும், நல்ல ரோடும் தேவை. கொழும்பு போற பயணம் மிச்சமாகுமாங்கிறது அதைப் பொறுத்தது.

அடுத்த எபிசோட் யாழ்ப்பாணப் புகையிலை. அது திருவிதாங்கூருக்கு எப்படி வந்தது, ஏன் 1865 ஒப்பந்தத்துல அதுக்கு வாசல் திறக்கல. உங்க வீட்டுப் பெட்டியில பழைய சவுக்கைச் சீட்டோ, குளச்சல் படகுக் கூலிக் கணக்கோ, தும்பு வியாபாரக் குறிப்போ இருந்தா, பேர் விவரங்களை மறைச்சுட்டு ஒரு போட்டோ அனுப்புங்க மக்களே.