மணிக்கூண்டுக் கல்தச்சர்

1890 செப்டம்பர், லிவர்பூல் தொழிற்சங்க மாநாட்டு வாசலில் நிற்கிறோம். உள்ளே போகுமுன் மாநாட்டின் செயலாளர் ஹென்றி பிராட்ஹர்ஸ்ட்டைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும். சுரங்கத் தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டியின் கோஷ்டி அவரை முதலாளிகளின் ஆள் என்று தூற்றியது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கல்தச்சர் மகன், தானும் கல்தச்சர். இளவயதில் வேலை தேடி நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர். லண்டன் நாடாளுமன்ற மணிக்கூண்டில் உளி பிடித்தவர், 1880இல் அதே நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். 1886இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அவரை உள்துறைத் துணை அமைச்சராக்கினார். பிரிட்டனில் ஒரு தொழிலாளி அமைச்சரானது அதுவே முதல்முறை. ஒருமுறை இளவரசர் எட்வர்டு தம் சாண்ட்ரிங்காம் மாளிகைக்கு அழைத்தார். ராத்திரி விருந்துக்கு உடுத்த வேண்டிய உடுப்பு பிராட்ஹர்ஸ்ட்டிடம் கிடையாது. சாப்பாடு அவர் அறைக்கே வந்தது. விலைபோன மனிதர் என்றால் முதலில் அந்த உடுப்பைத் தைத்திருப்பார்!

அவர் சறுக்கிய இடம் வேறு. கல்தச்சன் உளியைக் கீழே வைத்தால் கட்டட வேலை நின்றுபோகும். சங்கத்தில் வேலைநிறுத்த நிதியும் இருக்கும். 1872 கல்தச்சர் போராட்டத்தில் முன்னின்ற அவருக்கு, வேலை நேரத்தைச் சங்கமே பேசிக் குறைத்துக்கொள்ளும், சட்டம் எதற்கு என்றே தோன்றியது. லண்டன் துறைமுகக் கூலிக்கோ விடிந்தால் வாசலில் முண்டியடிப்புதான். மேஸ்திரி கைகாட்டினால் வேலை, அதுவும் சில நாள் ஓரிரு மணி நேரம்தான். அவனை விட்டால் ஆயிரம் பேர். 1889இல் அவர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய சூட்டோடு லிவர்பூலுக்கு வந்த ஜான் பர்ன்ஸ், டாம் மான், பென் டில்லெட் எல்லாம் முப்பதை ஒட்டிய இளைஞர்கள். உயரத் தொப்பியும் கடிகாரச் சங்கிலியுமாக உட்கார்ந்திருந்த பழைய பிரதிநிதிகளைப் பர்ன்ஸ் பிற்பாடு கேலி செய்தார். பிராட்ஹர்ஸ்ட்டை அந்த வரிசையில் சேர்ப்பது அநியாயம். ஆனால் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் கேட்டதில் நியாயம் இளைஞர்கள் பக்கமே.

மாநாட்டில் எட்டு மணி நேரச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஏறக்குறைய பதினைந்து வருடம் செயலாளராக இருந்த பிராட்ஹர்ஸ்ட், ஐம்பது வயதில், உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். அந்த நாற்காலி இளைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் அமர்ந்த நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளி சார்லஸ் பென்விக், எட்டு மணி நேரச் சட்டத்தைப் பிராட்ஹர்ஸ்ட்டைப் போலவே எதிர்த்தவர். 1894 வரை அவர்தான் செயலாளர்.