பெயர் வெட்டிய பாத்திரங்கள்: வீட்டுப் பழம்பொருள்களும் குடும்ப வரலாறும்

பழைய சமையல் பாத்திரங்களையும் குடும்ப நினைவுப் பொருள்களையும் வீட்டின் கூடத்திலோ திண்ணையிலோ பார்வைக்கு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவி வருகிறது. பரணில் கிடந்த பித்தளை அண்டா பூச்சாடியாகிறது. கூஜாவும் அஞ்சறைப்பெட்டியும் கண்ணாடி அலமாரிக்கு வருகின்றன. இவை அழகுப் பொருள்கள் மட்டுமல்ல. இவற்றின் விளிம்பில் வெட்டப்பட்டுள்ள பெயர்கள், வேறு எந்த ஏட்டிலும் எழுதப்படாத குடும்பச் செய்திகளைத் தாங்கி நிற்கின்றன. கோயில் நகரமும் நெசவு நகரமுமான காஞ்சிபுரத்தையும் அதன் தென்புறம் பாலாற்றை ஒட்டியுள்ள செவிலிமேட்டையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கூறுகிறது.

பொருள்களும் பயனும்

பழைய அடுக்களையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உலோகம் இருந்தது. நீர் நிரப்பவும் நெல் அவிக்கவும் தவலை, அண்டா, சோறும் பொங்கலும் வடிக்க வெண்கலப் பானை, ரசத்துக்கு ஈயச் சொம்பு, புளிக்குழம்புக்கு மாக்கல்லில் குடைந்த கல்சட்டி, பயணத்துக்குக் கூஜா, அளக்கப் படி, உழக்கு, ஆழாக்கு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். புளிப்புப் பட்டால் பித்தளை களிம்பேறும் என்பதால், அதன் உட்புறம் நவச்சாரம் தூவி வெள்ளீயம் பூசினர். ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்து, துருத்தி வைத்து இவ்வேலையைச் செய்தனர்.

பாத்திரத்துக்குச் சமய மதிப்பும் உண்டு. இராமானுசர் செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் வரதராசப் பெருமாளுக்குத் தீர்த்தக் குடம் சுமந்தார் என்பது வைணவ மரபு.

பெயர் வெட்டும் வழக்கம்

பாத்திரக் கடையில் வாங்கியதும் சிற்றுளியும் சுத்தியும் கொண்டு பெயர் வெட்டித் தருவது இன்றும் உள்ள வழக்கம். கொடுப்பவர் பெயர் அல்லது முதலெழுத்துகள், பெறுபவர் பெயர், நாள் ஆகியவை புள்ளி புள்ளியாகப் பதியும். திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவற்றில் கொடுத்த பாத்திரங்களில் இவ்வெழுத்துகளைக் காணலாம்.

இதற்கு முன்னோடி கோயில்களில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த நகைகள், பாத்திரங்கள் போன்றவை எடையுடன் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. கொடை, கொடுத்தவர், அளவு என்ற அதே முறை, சிறிய அளவில் வீட்டுக் குடத்திலும் தொடர்ந்தது எனலாம்.

ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. நிலப் பத்திரங்களும் வரி ரசீதுகளும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின்னரும், கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமை மகளுக்கு இல்லை. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தமே அவ்வுரிமையை வழங்கியது. அதுவும் அதற்கு முன் மணமானவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே பிறந்த வீட்டிலிருந்து பெண் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் அவளுக்கென்றே இருந்த சில உடைமைகளுள் அடங்கும். ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இடம் ஒரு பித்தளைத் தவலையின் கழுத்தாக இருக்கக்கூடும்.

மறைந்த விதம்

எவர்சில்வர் வந்ததும் இவ்வுலகம் மாறியது. எடை குறைவு, களிம்பு இல்லை, ஈயம் பூச வேண்டாம் என்பன அதன் வசதிகள். 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது துருப்பிடிக்காத எஃகு தமிழ்நாட்டிலேயே கிடைக்கலாயிற்று. பிரஷர் குக்கர் வெண்கலப் பானையின் இடத்தைப் பிடித்தது. மெட்ரிக் அளவைகள் படியையும் உழக்கையும் கடைகளிலிருந்து அகற்றின.

பழைய பித்தளையைக் கொடுத்துப் புதிய எவர்சில்வர் வாங்கினர். ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிவந்த வண்டிக்காரரிடமும் பல போயின. நெசவு நலிந்த காலத்தில் பாத்திரம் அடகுக் கடைக்குப் போய் மீளாமல் போவதும் உண்டு. எங்கும் எடைக்கே விலை. எழுத்துக்கு விலை இல்லை. உலோகம் உருகியபோது பெயரும் உருகியது.

காட்சி மரபும் அருங்காட்சியகங்களும்

வீட்டுப் பொருள்களைப் பார்வைக்கு வைப்பது தமிழருக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவே ஒரு குடும்பக் கண்காட்சிதான். தாய் வீட்டிலிருந்து வந்த மரப்பாச்சி இணையும், தானியக் கடை விரித்த செட்டியார் பொம்மையும் தலைமுறைகளாகப் படியேறுகின்றன. காஞ்சிபுரத்தில் பொம்மை செய்வோர் வாழும் பொம்மைக்காரத் தெரு இதற்குப் பேர்போனது.

அதே நகரில் காஞ்சி குடில் என்னும் பழைய வீடு, முற்றமும் அடுக்களையும் பழம்பொருள்களுமாகப் பார்வையாளருக்குக் காட்டப்பட்டு வந்தது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் இடம்பெற்றுள்ளது. புனேயில் தினகர் கேல்கர் தம் இறந்த மகன் ராஜாவின் நினைவாக உருவாக்கிய அருங்காட்சியகத்தில் விளக்குகளும் பாக்குவெட்டிகளும் பாத்திரங்களும் உள்ளன. அகமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981இல் நிறுவிய வேசார் அருங்காட்சியகம் பாத்திரங்களுக்கென்றே அமைந்தது.

அருங்காட்சியகம் பொருளின் வகையையும் காலத்தையும் சொல்லும். இந்தத் தவலை யாருடைய சீர் என்பதைச் சொல்லக்கூடியது அந்தந்த வீடுதான்.

வீட்டில் பேணும் முறை

1. பெயர் வெட்டிய பக்கம் முன்னால் தெரியும்படி வைக்க வேண்டும்.

2. புளியும் சாம்பலும் இட்டு அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் எழுத்து நாளடைவில் மழுங்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.

3. ஈரம் படாத இடம் தேவை. அண்டாவில் மண் நிரப்பிச் செடி வைத்தால் உள்ளிருந்து அரிக்கும்.

4. வெள்ளீயம் சுமார் 232 பாகை செல்சியசில் உருகும். எனவே ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது.

5. ஒவ்வொரு பொருளுக்கும் ஒளிப்படம் எடுத்து, யாருடையது, எந்த நிகழ்ச்சிக்கு வந்தது, வெட்டிய எழுத்து என்ன என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். வீட்டு முதியவர்களை இன்றே கேட்பது நல்லது.

6. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய உலோகச் சிலைகள் வீட்டில் இருந்தால் பதிவு செய்ய வேண்டும்.

மாணவர்கள் தங்கள் வீட்டிலுள்ள ஒரு பாத்திரத்தின் எழுத்தைப் படித்து, அதில் உள்ள பெயருக்குரியவர் யார் என்று விசாரித்து எழுதலாம். உள்ளூர் வரலாற்றைத் தொடங்க அது போதுமான சான்று.