முனைவர் பட்ட ஆய்வு (இந்தியா)

முனைவர் பட்ட ஆய்வு என்பது ஒரு சிக்கலை நெறியாளரின் கீழ் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஆய்வேடாக எழுதி, வாய்மொழித் தேர்வில் நிலைநாட்டிப் பட்டம் பெறும் உயர்கல்வி. கற்பித்தலோடு ஆய்வையும் இணைத்த பெர்லின் பல்கலைக்கழகத்தை (1810) இதன் இன்றைய வடிவுக்கு முன்மாதிரியாகச் சொல்வர். இந்தியாவில் இதற்கான விதிகளை வகுப்பது பல்கலைக்கழக மானியக் குழு. 2022 நவம்பரில் வந்த விதிகள் எம்.ஃபில். பட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம், நேர்முகமும் உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் உதவித்தொகை (2023 முதல்). வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்வோர் தங்கள் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்கவேண்டும்.

காலம் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. முதலில் ஆய்வு முறையியல், ஆய்வு அறம் முதலிய பாடங்கள்; பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்லவேண்டும்.

இவ்வளவு விதிகள் இருந்தும் ஆய்வாளரின் கதி பெரும்பாலும் நெறியாளர் கையில்தான். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி எண்ணிக் கொடுக்கிறது. அவர்களோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பேசவேண்டும் என்று எந்த விதியாலும் சொல்ல முடியாது. தலைப்பு, இயல், சினாப்சிஸ் எதுவானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. துறைக்குப் புதிதாக வருபவரிடம் சீனியர் ஸ்காலர்கள் "என்ன தலைப்பு?" என்று கேட்கும் முன்பே "கைடு யாரு?" என்று கேட்பது சும்மா அல்ல.

ஆய்வேடு கருத்துத்திருட்டுச் சோதனைக்குப் போகும். 2018 விதிப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வெளியிலிருந்து குறைந்தது இரண்டு வல்லுநர்கள் மதிப்பிட்டபின், யாரும் வந்து கேட்கக்கூடிய பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். முன்பு ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்கவேண்டும் என்றிருந்த கட்டாயத்தை 2022 விதிகள் கைவிட்டன. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குத் தீனி போட்ட விதி அது, போனதே நல்லது.

பட்டம் உறுதியாகும் முன் ஆய்வேட்டின் மின்படி காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து 'சோத்கங்கா' தளத்தில் ஏறும் ஆய்வேடுகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். ஆய்வில் சேர நினைப்பவர்கள், தாம் நாடும் நெறியாளரிடம் முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டையாவது அதில் படித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.