சிரிக்காத கோமாளி

இன்னைக்கு ஒரே ஒரு ஓவியத்தைப் பத்திப் பேசலாம்.

சின்ன வயசுல துடியலூர்ல பஸ் ஏறி, கோவை வ.உ.சி. மைதானத்துக்கு சர்க்கஸ் பார்க்கப் போவோம். ஒரு தடவை ஷோ முடிஞ்சு வெளிய வர்றப்ப, கூடாரத்துக்குப் பின்னாடி கோமாளி ஒரு பெட்டி மேல உட்கார்ந்து டீ குடிச்சுட்டிருந்தார். நான் கை காட்டினேன். அவர் சிரிக்கல. "ஏம்மா, எம்மேல கோவமா?"ன்னு கேட்டேன். "வேலை முடிஞ்சுதுல்ல சாமி"ன்னாங்க அம்மா.

அதே முகத்தை ரொம்ப வருஷம் கழிச்சு 'வெள்ளைக் கோமாளி' ஓவியத்துல பார்த்தேன். அமெரிக்க ஓவியர் வால்ட் கூன் 1929-ல வரைஞ்சது. இப்ப வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துல இருக்கு. ஐரோப்பாவின் நவீன ஓவியங்களை அமெரிக்காவுக்குப் பெரிய அளவுல காட்டிய 1913 'ஆர்மரி ஷோ' கண்காட்சியை நடத்தியவர்களில் கூனும் ஒருவர். மேடை நிகழ்ச்சிகளுக்கும் வேலை செஞ்சவர். அதனால திரைக்குப் பின்னாடி என்ன நடக்கும்னு அவருக்குத் தெரியும்.

படத்துல வெள்ளை உடை, வெள்ளை பூசிய முகம். சும்மா உட்கார்ந்திருக்கார். கூட்டமும் இல்ல, வித்தையும் இல்ல. கோமாளின்னா உள்ளுக்குள்ள அழுவான்னு நமக்கு ஒரு ரெடிமேட் கதை இருக்கு. 'அபூர்வ சகோதரர்கள்' அப்புவைப் பார்த்து நாமளே கலங்கியிருக்கோம். ஆனா இந்த முகத்துல எனக்குத் தெரியறது உழைச்ச களைப்புதான். படத்தோட தலைப்புலயும் அவர் பேர் இல்ல.

சரி, பேர் தெரிஞ்சா மட்டும் போதுமா? அந்தப் படத்துக்கு நூறு வருஷம் முன்னாடி, லண்டன் மேடைகள்ல இந்தியாவிலிருந்து போன ஒரு வித்தைக்காரர் பிரபலம். பேர் ராமோ சாமி, நம்ம ராமசாமிதான். கத்தி விழுங்குவார், பந்துகளைச் சுழற்றுவார். இந்திய வித்தைக்காரர்கள் நாலு பித்தளைப் பந்துகளைச் சுழற்றுற நேர்த்தியைப் பார்த்து, 'இவ்வளவு சுத்தமா நம்மால எதைச் செய்ய முடியும்?'ங்கிற வெட்கத்தோட ஹாஸ்லிட் 1821-ல ஒரு கட்டுரையே எழுதினார். ராமோ சாமி 1850-ல இறந்தப்ப, அடக்கம் செய்யவே காசில்லாம அவர் மனைவி பொதுமக்கள்கிட்ட உதவி கேட்க வேண்டியதாச்சு. கைதட்டினவங்க எல்லாம் ஷோ முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்த தடவை ஊருக்குள்ள சர்க்கஸ் வந்தா, வெளிய வர்றப்ப கொஞ்சம் நின்னு, அந்த ஆளோட பேரைக் கேட்டுப் பாருங்க. அன்னைக்கு நான் கேட்கல.