நிக்கல் அலுமினைட்டு: மருந்து முந்தியது, நோய்க்காரணம் பிந்தியது

வன்மை போதாமையால் ஒதுக்கப்பட்ட உலோகங்கள் பல. நிக்கல் அலுமினைட்டோ வன்மை மிகுந்திருந்தும், நொறுங்குமியல்பு காரணமாக நெடுங்காலம் தனித்துப் பயன்படாமற் கிடந்தது.

மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற விகிதத்தில் அமைந்தது இச்சேர்வை. 1937 இல் பிராட்லி, ரெயிலர் என்போர் நிக்கல் – அலுமினியத் தொகுதியை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, இதன் அமைப்பைத் தெளிவாக்கினர். கனவடிவக் கூட்டின் மூலைகளில் அலுமினியமும் முகங்களின் நடுவே நிக்கலும் ஒழுங்குபட நிற்கும். 1941 மே 15 இல் விற்றிலின் எஞ்சின் பூட்டிய பிரித்தானிய ஜெற் விமானம் முதன்முதற் பறந்தது. அவ்வகை எஞ்சின்களின் சுழலி அலகுகளுக்கென ஆக்கப்பட்ட நைமோனிக் 80 என்னும் கலப்புலோகத்துக்கு வலிமை தந்தவை, அதனுட் படிந்த இச்சேர்வையின் நுண்டுகள்களே. அவற்றில் அலுமினியத்தின் இடத்தைத் தைற்றேனியமும் பங்கிட்டுக்கொண்டது.

ஏனைய உலோகங்கள் சூடேறுந்தோறும் மெலியும். இச்சேர்வையோ ஏறத்தாழ 700 – 800 பாகை சதமவளவு வரை சூடேற வன்மை ஏறும். இவ்விந்தையை 1957 இல் வெஸ்ற்புறூக் கண்டார். பளிங்கினுள் நழுவும் கோட்டுக் குறைகள் வெப்பத்தின் உந்துதலால் வேறொரு தளத்துக்குத் தாவி, அங்கே பூட்டுண்டு நிற்பதே இதன் காரணம் என்பது 1962 இல் கியர், வில்ஸ்டோர்வ் ஆகியோரின் விளக்கம்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. தனிப் பளிங்கு வளைந்து கொடுக்கும். பல மணிகள் சேர்ந்த கட்டியோ மணியெல்லை வழியே பிளந்துவிடும். 1979 இல் யப்பானியரான அவோக்கியும் இசுமியும் சிறிதளவு போரன் சேர்த்து இப்பிளவை நீக்கினர். அமெரிக்க ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்து லியூ முதலானோர் 1985 இல் இதனை மேலும் ஆராய்ந்தனர். நிறையில் நூற்றுக்கு 0.1 அளவான போரனே போதும். அது மணியெல்லைகளிற் சென்று திரள்கிறது. ஆனால், நூறு அணுவில் அலுமினியம் 24 அளவில் நிற்கவேண்டும். 25 ஐ எட்டினால் மருந்து பலிக்காது. அளவறிந்து கலந்த உலோகம் முறியாமல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக நீண்டது.

போரன் எல்லைகளின் பிணைப்பை உரமாக்குகிறது என்றே அப்போது கருதினர். எல்லைகள் இயல்பிலேயே நலிந்தவை என்பது அக்கருத்தின் அடிப்படை. 1992 இல் ஜோர்ஜ், லியூ, போப் ஆகியோர் போரன் சேராத அலுமினைட்டை ஈரமற்ற ஒட்சிசனில் இழுத்துப் பார்த்தபோது அது கணிசமாக நீண்டது. குற்றவாளி காற்றின் ஈரம்! அலுமினியம் நீராவியோடு தாக்கமுற்று விடுக்கும் ஐதரசன் எல்லைகளுட் புகுந்து பிளக்கின்றது. போரன் அதன் புகலைத் தடுக்கின்றது. உலோகத்தின் பிறவிக்குணம் என எண்ணப்பட்டது பெரிதும் சூழலின் செயலே. சோதனைக்கூடத்துக் காற்றையும் ஒரு பொருளாகக் கணக்கிட அறிஞர்க்கு இத்துணைக் காலம் சென்றமை வியப்பே.

600 – 800 பாகையில் ஒட்சிசன் விளைக்கும் நொறுங்கலைக் குரோமியம் தணித்தது; மொலித்தனம், சேர்க்கோனியம் என்பன உரமூட்டின. இவ்வாறு கலந்து வார்த்த அலுமினைட்டு, உருக்காலை உலைகளிற் சூடான தகடுகளைத் தாங்கிச் செலுத்தும் உருளைகளாகவும், பொறியுறுப்புகளைப் பதப்படுத்தும் உலைத் தட்டுகளாகவும் பயன்பட்டது.