ஒடெஸ்ஸா யூதர் படுகொலை (1941)

ஒடெஸ்ஸா யூதர் படுகொலை என்பது, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மனியோடு கூட்டுச் சேர்ந்திருந்த ருமேனியா, அன்று சோவியத்து ஒன்றியத்தின் கருங்கடற்கரைத் துறைமுக நகராயிருந்த ஒடெஸ்ஸாவின் யூதர்களை 1941 அக்டோபரில் கூட்டங்கூட்டமாகக் கொன்றழித்த கொடுஞ்செயலாகும்.

பின்னணி: யுத்தத்துக்கு முன் அந்நகரில் சுமார் 2,00,000 யூதர் வாழ்ந்தனர், ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரான அவர்களுடைய வாழ்வையே எழுத்தாளர் ஐசக் பாபெல் தம் சிறுகதைகளில் சித்திரித்தார். ருமேனியப் படை நகரைச் சூழ்ந்து, இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின்போது பலர் கப்பலேறித் தப்பினர். அக்டோபர் 16இல் ருமேனியப் படை நகருள் புகுந்தபோது, தப்ப வழியின்றிப் பல்லாயிரவர் எஞ்சியிருந்தனர்.

சம்பவம்: அக்டோபர் 22 மாலை, பின்வாங்கிய சோவியத்துப் படையினர் புதைத்துச் சென்ற வெடி, ருமேனிய ராணுவத் தலைமையகத்தைத் தகர்த்து, ஜெனரல் இயோன் குளோகோஜானு உள்ளிட்ட அறுபதுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. மாண்ட அதிகாரி ஒருவருக்கு 200 பேர், சிப்பாய் ஒருவருக்கு 100 பேர் வீதம் கம்யூனிஸ்டுகளைக் கொல்லுமாறு சர்வாதிகாரி இயோன் அன்டோனெஸ்கு ஆணையிட்டார். ஆயினும் அந்தப் பழியைச் சுமந்து பலியானவர்கள் பெரும்பாலும் நிரபராதிகளான யூதர்களே. வீதிகளெங்கும் தூக்கிலிடப்பட்டோர் போக, ஆயிரக்கணக்கானோர் புறநகரான டால்னிக்குக்கு நடத்திச் செல்லப்பட்டுக் கிடங்குகளில் அடைக்கப்பட்டனர். சுவர்களில் துளையிட்டு இயந்திரத் துப்பாக்கியால் சுட்ட படையினர், பின்னர் அக்கிடங்குகளுக்குத் தீயிட்டதோடு, ஒன்றை அக்டோபர் 25 மாலை, தலைமையகம் வெடித்த அதே நேரத்தில், வெடிவைத்துத் தகர்த்தனர். மாண்டோர் தொகை 25,000க்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகிறது. நகரில் எஞ்சிய யூதருள் பெரும்பாலோர் பின்னர் போக்டனோவ்கா, டொமனெவ்கா முதலிய முகாம்களில் மடிந்தனர்.

மறதியும் நினைவும்: 1944 ஏப்ரல் 10இல் நகரம் ஆக்கிரமிப்பிலிருந்து மீண்டது, 1946 ஜூன் 1இல் அன்டோனெஸ்குவுக்கு மரண தண்டனை நிறைவேறியது. எனினும், சோவியத்து அரசு மாண்டோரைப் பொதுவாகச் 'சோவியத்துப் பிரஜைகள்' என்று குறித்து அவர்தம் யூத அடையாளத்தை மறைத்தது. ருமேனிய அரசோ பழியனைத்தையும் ஜெர்மனியின்மீது சுமத்தித் தன் பங்கை மறைத்தது. ருமேனியாவின் யூதப் படுகொலையை ஆராய, எழுத்தாளர் எலீ வீசல் தலைமையில் அமைந்த சர்வதேச ஆணைக்குழு 2004இல் அறிக்கை தந்த பின்னரே, ருமேனியா தன் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கொல்லப்பட்டோர் யூதர் என்பதையும், கொன்றவர் யார் என்பதையும் ஒருங்கே சொல்லாத எந்தச் சரித்திரமும் ஒடெஸ்ஸாவின் மெய்யான சரித்திரம் ஆகாது.