மவுண்டன் சைக்கிளில் இருந்து றேசிங் சைக்கிளுக்கு: ஒரு தலைகீழ் வரலாறு

இந்த வருசத் தொடக்கத்தில நாங்கள் ஒரு றேசிங் சைக்கிள் வாங்கினோம். புதுசில்லை, ஆரோ பாவிச்சு விட்டது. அதுவரை எங்களிட்ட இருந்தது ஓ.எல். முடிஞ்ச கையோட வீட்டில வாங்கித்தந்த மவுண்டன் சைக்கிள். முன்னுக்கு ஸ்பிறிங் வைச்ச ஃபோர்க், கட்டை கட்டையாப் பூப்போட்ட தடிச்ச ரயர், 18 கியர். தெல்லிப்பழையில இருந்து திருநெல்வேலிக்குக் கம்பஸுக்கு வாறதும் போறதும் அதிலதான். வழியில மல்லாகம் வரும், சுன்னாகம் வரும், மருதனார்மடம் வரும், மலை மட்டும் வராது. குடாநாடு முழுக்கச் சுத்தினாலும் கியரைக் குறைச்சு ஏறுறதுக்கு ஒரு ஏத்தம் கிடைக்காது. கீரிமலைக்குப் பெயரில மட்டும்தான் மலை.

அந்தச் சைக்கிளில மூண்டு வருசம் மூச்சு வாங்கினோம். பழைய லுமாலாவில கரியர் நிறையச் சாமான் கட்டிக்கொண்டு போற ஐயாமார் எங்களை முந்திக்கொண்டு போவினம். எங்கட உடம்பிலதான் ஏதோ பிழை, சாப்பாடு போதேல்லை எண்டுதான் நினைச்சிருந்தோம். புதுச் சைக்கிளை முதல்தரம் காத்தடிக்கக் கொண்டுபோனபோது சைக்கிள் கடை அண்ணை கொஞ்ச நேரம் பாத்திட்டு, "இதென்ன மாட்டுக்கொம்பு மாதிரி ஹாண்டில்? உதை இந்த றோட்டில ஓடேலுமோ?" எண்டு கேட்டார். ஓடிச்சுது. முதல் நாள் குனிஞ்சு பிடிக்கப் பயமா இருந்தது. பிரேக் எங்க இருக்கெண்டே கை தேடிச்சுது. மூண்டாம் நாள் அதே பாதை கால்வாசி நேரம் குறைஞ்சிருந்தது. கால் அதே கால்தான்.

ஒரு மலையும் இல்லாத ஊரில எங்கட வயசுக்காரருக்கு முதல் சைக்கிளா ஏன் மலைச் சைக்கிள் கிடைச்சுது? இந்தக் கேள்வியோட வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் மலைச் சைக்கிளில தொடங்கி றேசிங் சைக்கிளுக்கு வந்தோம், வரலாறு நேர் எதிர்த் திசையால வந்திருக்குது.

இன்றைக்கு நாங்கள் சைக்கிள் எண்டு சொல்லும் உருவம் 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி செய்த 'றோவர்' சைக்கிளோடு நிலைபெற்றது. கிட்டத்தட்ட ஒரே அளவான இரண்டு சில்லுகள், பின்சில்லைச் சுழற்றும் செயின். அதற்கு முன்னர் ஓடியது ஆளுயர முன்சில்லு வைத்த சைக்கிள், விழுந்தால் தலைகுப்புறத்தான். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். அடுத்த வருசமே அந்த ரயர் பூட்டிய சைக்கிள் பந்தயத்தில் வென்றது. இதற்குப் பிறகு ஒரே உடம்பு இரண்டு வேலைக்குப் பிரிந்தது. ஒன்று பாரம் சுமக்கவும் வேலைக்குப் போகவுமான நிமிர்ந்த சைக்கிள். நொற்றிங்ஹாமில் இருந்து வந்த றலி, ஹம்பர் எல்லாம் அந்த வழிதான், எங்கட அம்மப்பாமார் எண்ணெய் போட்டுத் துடைச்சு வைச்சிருந்தவை. மற்றது பந்தயத்துக்கானது.

பந்தயச் சைக்கிளைச் செதுக்கியது பொறியியலாளர்கள்தான் எண்டு நாங்கள் நினைச்சிருந்தோம். பாதிதான் சரி. மற்றப் பாதியைச் செதுக்கியது சட்டப் புத்தகம்.

1903இல் பிரான்ஸில் 'லோட்டோ' பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியது. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். புறப்பட்ட 60 பேரில் முடித்தவர்கள் 21 பேர். பத்திரிகையின் ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச்தான் பந்தயத்தின் தலைவரும். மனிதனின் உடம்புதான் வெல்லவேண்டும், இயந்திரம் வெல்லக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 1913இல் யூஜின் கிறிஸ்தோப் என்ற வீரருக்கு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். பிரெனீஸ் மலையில் தூர்மலே கணவாயில் இருந்து இறங்கும்போது அவருடைய ஃபோர்க் உடைந்தது. வேறு சைக்கிள் எடுக்கக் கூடாது, பிறர் உதவியும் கூடாது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கணக்காகத் தானே நெருப்பில் காய்ச்சி அடித்து ஒட்டினார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஒரு சின்னப் பெடியன் இழுத்துக்கொடுத்தான். அதை வெளி உதவி எண்டு சொல்லித் தண்டனையாக நேரத்தைக் கூட்டிப் போட்டார்கள்.

கியருக்கும் இதே கதைதான். போல் த விவி போன்றவர்கள் 1900களின் தொடக்கத்திலேயே கியர் மாற்றும் சைக்கிள்களில் பிரான்ஸின் மலைகளை ஏறி இறங்கி, அதற்காக எழுதியும் வாதாடியும் வந்தார்கள். தூர் த பிரான்ஸில் மட்டும் அனுமதி இல்லை. வீரர்களின் பின்சில்லில் இரு பக்கமும் ஒவ்வொரு பல்லுச்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, நட்டைக் கழற்றி, சில்லை மறுபக்கம் திருப்பிப் பூட்டி ஏறவேண்டும். உச்சியில் மறுபடியும் அதே வேலை. 1927இல் இத்தாலியில் பனி கொட்டும் ஒரு பந்தயத்தில் விரல் விறைத்து நட்டைக் கழற்ற முடியாமல் தவித்த துல்லியோ கம்பஞ்ஞோலோ என்ற வீரர், பின்னர் ஒரே இழுப்பில் சில்லைக் கழற்றும் நெம்பைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அந்த நெம்பு எங்கட சைக்கிளிலும் இருக்கு. தெக்ராஞ்ச் தலைமையை விட்டு விலகிய பிறகு, 1937இல்தான் கியர் மாற்றி உள்ளே வந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறை, இருக்கிற கருவியைப் பாவிக்க விடாமல் மலையில் இறங்கி ஏறி நின்றிருக்குது.

இன்னொன்று இதைவிட விசித்திரம். 1933இல் பிரான்ஸிவா ஃபோர் என்ற வீரர் சாய்ந்து படுத்துக்கொண்டு மிதிக்கும் ஒரு சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914இல் இருந்து நின்ற சாதனை முறிந்தது. அவர் முதல்தர வீரர்கூட இல்லை. உலக சைக்கிளோட்டச் சங்கம் அடுத்த வருசம் செய்தது, சைக்கிள் எண்டால் என்ன என்று புதிதாக வரையறுத்து அந்த வகையை வெளியே தள்ளியதுதான். இப்ப நாங்கள் குனிஞ்சு ஓடுறது, வேகத்துக்கு அதுதான் உலகத்திலேயே சிறந்த இருக்கை எண்டதால் அல்ல. 1934இல் ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவும் அதில் இருக்கு. 2000ஆம் ஆண்டில் இருந்து போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது எண்டும் சட்டம். எங்கடது அதைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும், அந்தப் பயம் இல்லை.

இனி மலைக்கு வருவோம். 1970களில் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில், தமல்பைஸ் மலையை அண்டி வாழ்ந்த இளம் ஆக்கள் சிலர் கழிச்சு விட்ட பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். 1930, 40களின் ஷ்வின் சைக்கிள்கள், 26 அங்குலச் சில்லு, ஊதிப் பருத்த ரயர், ஒவ்வொன்றும் இரும்புக் குண்டு. அதில் ஏறிக் காட்டுப் பாதையால் கீழே பாய்வதுதான் விளையாட்டு. 1976இல் ஃபெயார்ஃபக்ஸ் ஊருக்கு அருகே நேரம் குறித்துப் பந்தயமாக்கினார்கள். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றருக்குள் 400 மீற்றர் இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், இறங்கி முடியும்போது உள்ளே இருந்த கிறீஸ் புகையாகப் போயிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு திரும்ப கிறீஸ் அடைக்கவேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'றீபக்' எண்டு பெயர்.

இந்த ஆக்கள் யார்? காரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் றோட்டில் முறையாகப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஃபிஷர் நீள முடி வளர்த்ததற்காக 1960களின் கடைசியில் போட்டிகளில் இருந்து நிறுத்தப்பட்டவர். மெல்லிய ரயரையும் சட்டப் புத்தகத்தையும் நல்லாத் தெரிஞ்சவர்கள்தான் ஒருவரும் சட்டம் எழுதாத ஒரு பாதைக்கு இறங்கினார்கள். பழைய உடம்பில் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடியைப் பூட்டினார்கள், கியர் மாற்றியைப் பூட்டினார்கள். ஷ்வின் உடம்புகள் முறியத் தொடங்க, 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கெண்டே புதிதாக ஒன்றைச் செய்தார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெலியும் விற்பனைக்கு இறங்கினார்கள், ஃபிறேம் செய்து கொடுத்தவர் ரொம் றிச்சி. 1981இல் 'ஸ்பெஷலைஸ்ட்' நிறுவனம் ஜப்பானில் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' கடைக்கு வந்தபோது, ஒரு மலையடிக் கூட்டத்தின் விளையாட்டு உலகச் சந்தைக்கு வந்தது. பதினைந்து வருசத்தில் அது அற்லான்ரா ஒலிம்பிக்கிலும் நுழைந்தது.

அதற்குப் பிறகு பயணித்தது தோற்றம்தான். 1990ஐ ஒட்டி வந்த ஸ்பிறிங் ஃபோர்க், மரினில் பாய்கிறவர்களுக்கு உண்மையான தேவை. பொருளாதாரத் தடை இருந்த அதே 90களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தைத் தூக்கிச் சுமந்தது பழைய நிமிர்ந்த சைக்கிள்கள். 1995 இடப்பெயர்வில் வீட்டையே கட்டிக்கொண்டு போனதும் அதில்தான். எங்கட காலத்தில் கடைக்கு வந்த மலைச் சைக்கிளின் ஸ்பிறிங்குக்கு அப்படியொரு வேலை இல்லை. எழும்பி மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிறிங் விழுங்கும், இன்னொரு பங்கைத் தாரில் உரசுற ரயர்ப்பூ விழுங்கும். சாமான் கட்டக் கரியரும் இல்லை, மழைக்கு மட்காட்டும் இல்லை. மூண்டு வருசம் நாங்கள் சுமந்தது கலிபோர்னிய மலையொன்றின் படத்தை.

அதுக்காக மெல்லிய ரயர்தான் மேல் எண்டு சொல்ல வரேல்லை. எங்கட றேசிங் சைக்கிள் 23 மில்லிமீற்றர் ரயரோட வந்தது. முதல் மாதத்திலேயே நாலு தரம் ஒட்டுப் போட்டோம். பிறகு வாசிச்சால், பெரிய பந்தயக்காரரே 23ஐ விட்டு 28க்கும் அதுக்கு மேலேயும் போயிருக்கினம். கொஞ்சம் அகலமான ரயரில் காத்தைக் குறைச்சு அடிச்சால், கரடுமுரடான றோட்டில துள்ளாமல் இன்னும் வேகமா ஓடும் எண்டு இப்பதான் நம்பத் தொடங்கியிருக்கினம். கடை அண்ணையிட்டச் சொல்லி 28 போட்டோம், ஃபிறேமுக்குள்ள மயிரிழையில கொள்ளுது. ஒட்டு வேலை குறைஞ்சிட்டுது.

பழைய மவுண்டன் சைக்கிளை விக்கேல்லை. தங்கச்சி இந்த வருசம் ரியூசனுக்கு ஓடப்போறா. ஸ்பிறிங் ஃபோர்க்கைக் கழட்டிச் சும்மா இரும்பு ஃபோர்க் போட்டு, பூ இல்லாத ரயர் பூட்டி, பின்னுக்கு ஒரு கரியரும் அடிச்சுத் தரக் கேட்டிருக்கிறோம். "அப்ப இது பழைய றலி மாதிரியெல்லோ வரப்போகுது" எண்டார் அண்ணை. ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.